வெளியூர்ப் போட்டிக்கு ஒரு நாள் முன்னதாக: டிஸ்க் கால்ஃப் வாசகர் கேள்வி – பதில்

தட்டு வடிவ டிஸ்க்கை எறிந்து, குறைந்த எறிதல்களில் கூடைக்குள் சேர்க்கும் விளையாட்டு டிஸ்க் கால்ஃப். அமெச்சூர் டிஸ்க் கால்ஃப் தொடர்களில் ஆடுவதற்காக வெளியூர் செல்வது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஒரே மைதானத்தில் ஆடிவருகிறேன். இந்தப் பருவத்தில், வெவ்வேறு ஊர்களில் வார இறுதிகளில் நடக்கும் எட்டுப் போட்டிகள் கொண்ட ஒரு தொடரில் கலந்துகொள்ள விரும்புகிறேன். எட்டிலும் ஆடினால்தான் புள்ளிப் பட்டியலில் மேலே வர முடியுமா? எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் அந்தத் தொடரின் விதிமுறைகளை முழுமையாகப் படித்துவிடுங்கள். பல தொடர்களில் ஒருவர் ஆடிய எல்லாப் போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டுவதில்லை. அவருடைய சிறந்த சில முடிவுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எட்டில் சிறந்த ஐந்துதான் கணக்கு என்றால், எட்டுக்கும் அலைந்து திரிவதால் கிடைப்பது மூன்று கூடுதல் வாய்ப்புகளே தவிர, மூன்று கூடுதல் முடிவுகள் அல்ல. இறுதிப் போட்டியில் ஆடியே தீர வேண்டுமா, அதற்குத் தகுதி பெறக் குறைந்தது எத்தனை போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும் என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நாட்காட்டியில் போட்டி நாட்களைக் குறிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு போட்டிக்கும் முந்தைய நாள் உங்களுக்கு விடுப்பு கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காத ஊர்களை முதல் பருவத்தில் தயங்காமல் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. ஒரே மைதானத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடியவருக்கு அங்குள்ள ஒவ்வொரு மரமும் காற்றின் ஒவ்வொரு போக்கும் கைக்குப் பழகியிருக்கும். எந்த டிஸ்க்கை எவ்வளவு வலுவாக எறிய வேண்டும் என்பதை அவர் யோசிப்பதே இல்லை. புதிய மைதானத்தில் அந்த அறிவு முழுவதும் பயனற்றுப் போகிறது. இரவெல்லாம் பயணம் செய்து, காலையில் நேராக முதல் டீயில் (எறியத் தொடங்கும் இடத்தில்) போய் நிற்பவர், பதினெட்டுக் குழிகளையும் (ஒரு டீயிலிருந்து அதன் கூடை வரை ஒரு குழி) பயிற்சிச் சுற்றாகவே ஆடிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருடைய எறிதல்கள் ஸ்கோர் கார்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான், முந்தைய நாள் மதியமே போய்ச் சேர்ந்து ஆடும் ஐந்து போட்டிகள், காலையில் இறங்கி ஆடும் எட்டுப் போட்டிகளைவிட மேல் என்று சொல்கிறேன்.

அந்த மதியத்தைச் செலவிடுவதிலும் ஒரு முறை உண்டு. பயிற்சிச் சுற்றில் எண்ணிக்கை வைத்துக்கொள்ளவே வேண்டாம். டீயில் நின்று இரண்டு அல்லது மூன்று டிஸ்க்குகளை எறிந்து பாருங்கள். பிறகு கூடை வரை நடந்து, கூடைக்குப் பின்னால் நின்று டீயை நோக்கித் திரும்பிப் பாருங்கள். டீயிலிருந்து பார்க்கும்போது தெரியாத பல செய்திகள் அங்கிருந்து தெரியும்: கூடைக்குப் பின்னால் நிலம் சரிகிறதா, தவறிய பட் (கூடைக்கு அருகிலிருந்து எறியும் எறிதல்) உருண்டோடினால் எங்கே போய் நிற்கும், இடப்பக்கம் விட்டால் அடுத்த எறிதலுக்கு வழி இருக்கிறதா, வலப்பக்கம் விட்டால் புதருக்குள் மண்டியிட்டு எறிய நேருமா என்பனவெல்லாம் அங்கேதான் விளங்கும். எல்லைக் கோடுகள், கட்டாயம் ஒரு பக்கமாகக் கடந்தாக வேண்டிய மரங்கள், டிராப் ஸோன் (தவறினால் அடுத்த எறிதலுக்கென ஒதுக்கிய இடம்) இருக்கும் இடங்கள் ஆகியவற்றைச் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரே வரி போதும்: எந்த டிஸ்க், எந்த மரத்தைக் குறிவைத்து, தவறினால் எந்தப் பக்கம் தவறலாம். இந்த மூன்றாவதைத்தான் பலரும் எழுதுவதில்லை. மறுநாள் கைகொடுப்பதும் அதுதான்.

போட்டிக்கென்று கூடைகளை இடம் மாற்றுவதும், நீண்ட டீக்களைப் பயன்படுத்துவதும் வழக்கம் என்பதால், உங்கள் பிரிவுக்கு எந்த அமைப்பு என்பதைப் போட்டி நடத்துநரின் அறிவிப்பில் உறுதி செய்துகொண்டு பயிற்சி செய்யுங்கள். வேறு அமைப்பில் மூன்று மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு வருந்துபவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் இருக்கிறார்கள்.

கேள்வி: என் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 912. இடைநிலைப் பிரிவில் ஆட எனக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் "இன்னும் கீழேயே ஆடிக்கொண்டிருக்கிறாயா? அட்வான்ஸ்டுக்கு வா" என்று, அடுத்த மேல் பிரிவைச் சொல்லி, உடன் ஆடுபவர்கள் கேலி செய்கிறார்கள். தொடருக்குப் பதிவு செய்வதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

பதில்: தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கமான பிடிஜிஏ பல ஆண்டுகளாகப் பின்பற்றிவந்த எல்லைகளின்படி, 935க்குக் கீழே ரேட்டிங் உள்ளவர்கள் இடைநிலைப் பிரிவிலும், 900க்குக் கீழே உள்ளவர்கள் ரெக்ரியேஷனல் பிரிவிலும், 850க்குக் கீழே உள்ளவர்கள் தொடக்கநிலைப் பிரிவிலும் ஆடலாம். பதிவு செய்யும் நாளில் நடப்பில் உள்ள எல்லையைச் சங்கத்தின் அட்டவணையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தகுதியான பிரிவில் ஆடுவதில் கேலிக்கு இடமே இல்லை. ரேட்டிங் முறையை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

கணக்காகப் பார்த்தால் உங்கள் நிலைமை இன்னும் தெளிவாகும். வழக்கமான பதினெட்டுக் குழி மைதானத்தில் ஓர் எறிதல் ஏறக்குறைய 10 ரேட்டிங் புள்ளிகளுக்குச் சமம். அப்படியானால், உங்கள் பிரிவின் உச்சியில் இருப்பவருக்கும் உங்களுக்கும் இடையே ஒரு சுற்றுக்கு இரண்டு எறிதல்கள்தான் வித்தியாசம். ஆனால் அட்வான்ஸ்டு பிரிவில் 960 ரேட்டிங் உள்ளவரோடு மூன்று சுற்றுகள் ஆடினால், ஏறத்தாழ 15 எறிதல்கள் பின்தங்கியிருப்பீர்கள். இரண்டு எறிதல் இடைவெளியில் இருக்கும்போதுதான் கடைசிச் சுற்றில் ஒவ்வொரு பட்டுக்கும் மதிப்பு இருக்கிறது; அந்த அழுத்தத்தில் ஆடக் கற்றுக்கொள்வதற்குத்தானே போட்டிக்கே போகிறோம்?

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ரேட்டிங் கடந்த பன்னிரண்டு மாதச் சுற்றுகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. அவற்றில் அண்மைய கால் பங்குச் சுற்றுகளுக்கு இரட்டை மதிப்பு. ஆகவே, நீங்கள் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தால், பருவத்தின் பாதியிலேயே 935ஐத் தாண்டிவிடக்கூடும். அப்போது முந்தைய பிரிவில் சேர்த்த புள்ளிகள் புதிய பிரிவுக்கு மாறுமா என்பது தொடருக்குத் தொடர் வேறுபடும். மாறாது என்று விதி இருந்து, நீங்களும் ஏறுமுகத்தில் இருந்தால், தொடக்கத்திலேயே அட்வான்ஸ்டில் பதிவு செய்வதற்கு ஒரு நியாயம் உண்டு. கேலி அந்த நியாயத்தில் சேராது.

கேள்வி: விமானத்தில் போக வேண்டியிருக்கிறது. எத்தனை டிஸ்க்குகள் எடுத்துச் செல்வது? மலைப்பகுதியிலும் ஒரு போட்டி இருக்கிறது.

பதில்: ஒரு டிஸ்க் பெரும்பாலும் 165 முதல் 175 கிராம் வரை இருக்கும். பதினெட்டு டிஸ்க்குகள் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். பையையும் துண்டையும் சேர்த்தால்கூடக் கைப்பைக்கான எடை வரம்பில் பெரும்பாலும் அடங்கிவிடும். உடைமைகளோடு சரக்கில் போட்டுவிட்டு, அது வேறு ஊருக்குப் போய்விட்டால், மறுநாள் இரவல் டிஸ்க்குகளோடுதான் ஆட வேண்டிவரும். எல்லாவற்றையும் கையில் எடுத்துச் செல்ல முடியாவிட்டால், இரண்டு பட்டர்கள் (பட் செய்யும் டிஸ்க்குகள்), இரண்டு மிட்ரேஞ்சுகள் (நடுத்தரத் தொலைவுக்கானவை), மிகவும் நம்பும் மூன்று டிரைவர்கள் (நீண்ட தொலைவுக்கானவை) ஆகியவற்றையாவது கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டரில் ஒரே அச்சு, ஒரே பிளாஸ்டிக்கில் இரண்டாவது ஒன்று இருப்பது அவசியம். தொலைந்த டிரைவருக்கு மாற்று எளிதாகக் கிடைக்கும். பழகிய பட்டருக்குக் கிடைக்காது.

மலைப்பகுதிக்கு வருவோம். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. டிஸ்க்கைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் குறையும். அது சுழலும் திசையில் திரும்பும் போக்கும் குறையும். வலக்கையால் பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசி) எறிபவரின் டிஸ்க், சமவெளியில் நேராகப் போய்க் கடைசியில் மட்டும் இடப்பக்கம் சாய்வது, அங்கே முன்னதாகவே இடப்பக்கம் இறங்கத் தொடங்கும். நன்கு தேய்ந்து, வலப்பக்கம் திரும்பப் பழகிவிட்ட பழைய டிரைவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மலையில் அவைதான் நேராகப் பறக்கும். கடற்கரைக் காற்றில் இதற்கு நேர்மாறு: எதிர்க்காற்று எந்த டிஸ்க்கையும் கூடுதலாகத் திருப்பிவிடும் என்பதால், பிடிவாதமாக இடப்பக்கம் இறங்கும் ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்குகள் ஒன்றிரண்டு கட்டாயம் வேண்டும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துக் கையில் வழுக்கும். மென்மையான பிளாஸ்டிக்கில் செய்த பட்டர் அப்போது உதவும்.

பூட்டிய காரில் வெயிலில் டிஸ்க் பையை விட்டுச் செல்லாதீர்கள். வளைந்துபோன டிஸ்க் பழைய வடிவத்துக்குத் திரும்பியதுபோல் தோன்றினாலும், அதன் பறத்தலை நம்ப முடியாது.

கேள்வி: வெளியூரில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே குழுவில் ஆடினேன். ஒருவர் பட் செய்யும்போது ஒவ்வொரு முறையும், டிஸ்க் கிடந்த இடத்தைக் காட்டும் மார்க்கரைத் தாண்டிக் கால் வைத்தார். சண்டை எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டுமா?

பதில்: சொல்லியிருக்க வேண்டும். இந்த விளையாட்டில் ஒவ்வொரு குழுவோடும் நடுவர் வருவதில்லை. குழுவில் உள்ளவர்களே நடுவர்கள். நீங்கள் பேசாமல் இருந்தபோது, உங்களுக்கு மட்டுமின்றி, வேறு குழுக்களில் சரியாக ஆடிக்கொண்டிருந்த அந்தப் பிரிவினர் அனைவருக்கும் சேர்த்து அவருக்குச் சலுகை கொடுத்துவிட்டீர்கள்.

விதி இப்படி இருக்கிறது. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறிபவர், எறிந்த பிறகு மார்க்கருக்குப் பின்னால் முழுமையாகச் சமநிலையில் நிற்பதைக் காட்டிவிட்டுத்தான் முன்னே அடியெடுத்து வைக்க வேண்டும். மீறினால் ஒரு தண்டனை எறிதல். மீறலை உடனே சொல்ல வேண்டும். குழுவில் இன்னொருவர் அதை உறுதிப்படுத்தினால்தான் அது செல்லும். நீங்கள் குறிப்பிட்டது ஒவ்வொரு முறையும் நடந்திருக்கிறது என்பதால், மற்ற இருவரும் கவனித்திருப்பார்கள்; யாராவது வாயைத் திறக்கட்டும் என்று அவர்களும் காத்திருந்திருக்கலாம்.

சொல்லும் விதத்தில்தான் சண்டை வருவதும் வராததும் இருக்கிறது. முதல் குழிக்கு முன்பே, அனைவரும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும்போது, "கால் நிலையைப் பரஸ்பரம் பார்த்துக்கொள்வோம், தவறினால் சொல்லிக்கொள்வோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், பிறகு குறிப்பிட்டுச் சொல்லும்போது யாரும் அதைத் தன்மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதினான்காவது குழியில், நீங்கள் ஓர் எறிதல் பின்தங்கியிருக்கும்போது முதல்முறையாகச் சொன்னால், அது நியாயமான குற்றச்சாட்டாகவே இருந்தாலும் வேறு மாதிரிதான் தோன்றும். தீர்க்க முடியாத கருத்து வேறுபாடு வந்தால், இரண்டு முறையிலும் ஆடி இரண்டு எண்ணிக்கைகளையும் எழுதி வைத்துவிட்டு, சுற்று முடிந்ததும் போட்டி நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வாக்குவாதங்கள் விளையாட்டின் வயதுடையவை என்பதையும் இங்கே சொல்லலாம். கலிபோர்னியாவில் 1975இல் அமைந்த முதல் நிரந்தர மைதானத்தில் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. டிஸ்க் கம்பத்தில் பட்டதா, உரசாமல் போனதா என்று ஆட்டக்காரர்கள் ஓயாமல் வாதிட்டார்கள். அந்த மைதானத்தை வடிவமைத்து, மறு ஆண்டு பிடிஜிஏவையும் தொடங்கிய எட் ஹெட்ரிக், சங்கிலிகள் தொங்கும் கூடையை உருவாக்கியதால் அந்த ஒரு வாதம் முடிவுக்கு வந்தது. கால் நிலைக்கு அப்படி ஒரு கருவி இன்னும் வரவில்லை.

கேள்வி: ஒரே நாளில் இரண்டு சுற்றுகள் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். இரண்டாவது சுற்றில் எப்போதும் சரிகிறேன்.

பதில்: இரண்டு சுற்றுகள் என்றால் ஏழெட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் ஆட வேண்டியிருக்கும். கை சோர்வதற்கு முன்பே கால் சோர்கிறது. பட் தாழ்ந்து போவது அதன் முதல் அறிகுறி. இடைவேளையில் வயிறு நிறையச் சாப்பிடாமல், முதல் சுற்றிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டும் குடித்தும் வாருங்கள். காலுறைகளை மாற்றிக்கொள்ளுங்கள். முந்தைய நாள் பயிற்சியில் மைதானம் முழுவதையும் இரண்டு முறை சுற்றும் ஆர்வத்தையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

இடைவேளைக்குப் பிறகு நேரத்தோடு டீக்குத் திரும்பிவிட வேண்டும். உங்கள் முறை வரும்போது அங்கே இல்லாவிட்டால், தவறவிட்ட ஒவ்வொரு குழிக்கும் பாருடன் (அந்தக் குழிக்கு வகுத்துள்ள எறிதல் எண்ணிக்கையுடன்) நான்கைச் சேர்த்து எழுதிவிடுவார்கள். அப்படி இரண்டு குழிகள் போனால், அந்த வார இறுதியே கைநழுவிப்போனதற்குச் சமம்.

கேள்வி: தொடரின் நடுவில் ஒரு போட்டியில் தொழில்முறைப் பிரிவில் ஆடிப் பார்க்க ஆசை. பணப் பரிசு கிடைத்துவிட்டால் அமெச்சூர் தகுதி போய்விடுமா?

பதில்: ஆடுவதால் போகாது, பரிசுப் பணத்தை வாங்கினால் போகும். வேண்டாம் என்று மறுத்துவிட்டால் அமெச்சூராகவே தொடரலாம். ஆனால் உங்கள் தொடரில் அமெச்சூர் பிரிவுக்கான புள்ளி அந்த வாரம் கிடைக்காது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: வெளியூர் மைதானத்தில் டிஸ்க் தொலைந்தால் திரும்பக் கிடைக்க வழி உண்டா?

பதில்: ஆட்டத்தில் பயன்படுத்தும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனித்த அடையாளம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அடையாளமாகப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழியாத மையில் அடிப்பக்கம் எழுதிவிடுங்கள். பழைய எழுத்து தேய்ந்திருந்தால் கிளம்புவதற்கு முன் மறுபடி எழுதுங்கள். தேடுவதற்கு மூன்று நிமிடங்கள்தான் அனுமதி. அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு தண்டனை எறிதலோடு முந்தைய இடத்திலிருந்து எறிய வேண்டும். சுற்று முடிந்ததும் போட்டி மேசையில் டிஸ்க்கின் நிறம், பெயர், தொலைந்த குழியின் எண் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு வாருங்கள். அங்கேயே ஆடும் உள்ளூர்க்காரர்கள் அடுத்த வாரம் எடுத்து, எண்ணைப் பார்த்து அழைப்பது அடிக்கடி நடக்கிறது. அஞ்சல் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதுதான் முறை.