போனிலோ வீடியோவிலோ டாக்டரைப் பார்க்கும் தொலைமருத்துவம் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே தரமான சிகிச்சை கிடைத்துவிடுமா?

தானாகக் கிடைக்காது. அலைச்சலும் காத்திருப்பும் குறைவது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-லேயே எழுதினார். வீடியோ ஆலோசனையிலும் அதே கதைதான். முதியவர்கள், காது கேளாதவர்கள், ஒரே போனைக் குடும்பமே பகிர்ந்துகொள்பவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். கணவன் பக்கத்து அறையில் இருக்கும்போது, அவன் அடிப்பதை ஒரு பெண் டாக்டரிடம் எப்படிச் சொல்வாள்? இணைய வேகத்தைப் பேசும் அளவுக்கு இதை நாம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

நோயாளி வீட்டிலேயே அளந்து டாக்டரிடம் சொல்லும் கருவிகளிலும் சிக்கல் உண்டு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தோல் வழியே ஒளியைச் செலுத்தி ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்கிறது. கருமையான தோலில் அது சில நேரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படிக் கருவி தவறவிட்ட ஆக்சிஜன் குறைபாடு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 3 மடங்கு இருந்தது. எனவே அந்த எண்ணை மட்டும் நம்பாமல், மூச்சுத் திணறுகிறதா என்றும் டாக்டர் கேட்க வேண்டும்.

வீடியோ முடியாதவர்களுக்குச் சாதாரண போன் அழைப்பு, மொழிபெயர்ப்பாளர், நேரில் வரும் வழி மூன்றும் திறந்தே இருக்க வேண்டும்.