வீல்சேரில் இருக்கும் தம்பியை உடற்பயிற்சி செய்யவைக்க மொபைலும் ஸ்மார்ட்வாட்ச்சும் உதவுமா?

தம்பிக்கு முதுகுத்தண்டு அடிபட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, ஆஸ்பத்திரியில் செய்த பயிற்சியை வீட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டான், ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்தால் செய்வானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 11 வருடத்துக்கு முன்பு சாரத்திலிருந்து விழுந்தவன். டி10 காயம், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் மேலிருந்து பத்தாவது மட்டத்தில் அடி. தொப்புளுக்குக் கீழே உணர்வு கிடையாது. எனக்கும் அப்படி ஒரு வருடம் போயிருக்கிறது.

உதவும். ஆனால் வாட்ச் வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டுக்கு வந்த புதிதில் அக்கா மகன் ஆசையாக என் போனில் ஒரு நடைக்கணக்கு ஆப் போட்டுக் கொடுத்தான். அன்று ரேஷன் கடை வரை வண்டியை நானே தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினேன். உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் சொன்னது: "இன்று 0 அடிகள்." அந்த ஆப்பை அப்போதே எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் வாசலைத் தாண்டவில்லை. நடக்கிறவர்களின் உடம்பு அசைவை வைத்து எண்ணுகிற ஆப்பை தயவுசெய்து தம்பிக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஆப்பிள் வாட்ச்சில் 2016-லிருந்து வீல்சேர் அமைப்பு இருக்கிறது. அடிகளுக்குப் பதிலாக, கை சக்கரத்தைத் தள்ளுவதை எண்ணும். "எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லாமல், வண்டியை உருட்டச் சொல்லி நினைவூட்டும். கார்மின் கம்பெனி வாட்ச்சில் சில மாடல்களிலும் இது வந்துவிட்டது. விலை குறைந்த வாட்ச் என்றால், கடையிலேயே செட்டிங்ஸைத் திறந்து வீல்சேர் என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எதுவானாலும் அது காட்டும் கலோரிக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். காயத்துக்குக் கீழே தசை குறைந்துபோவதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்பு செலவழிப்பது மற்றவர்களைவிடக் குறைவு.

எனக்கு வாட்ச் இல்லாமலே வேலை செய்தது இரண்டு. ஒன்று அலாரம். படுக்கைப்புண் வராமல் இருக்க அடிக்கடி எடையை மாற்றி உட்காரவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், நான்தான் மறந்துவிடுவேன். என் மகள் தன் குரலையே பதிவு செய்து, அரை மணிக்கு ஒருதரம் அடிக்கும்படி வைத்துவிட்டாள்: "அப்பா, குனிங்க." மார்பு தொடையில் படும்படி முன்னால் சாய்ந்து இரண்டு நிமிடம் இருப்பேன். கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதைவிட இது தோளுக்கு நல்லது. தோள்தானே இப்போது நமக்குக் காலும். காலை அலாரத்துக்கு மட்டும், குனிந்து எழுந்த கையோடு பயிற்சியையும் ஆரம்பித்துவிடுவது என்று பழக்கிக்கொண்டேன்.

இன்னொன்று வாட்ஸ்அப். ஒரே வார்டில் இருந்த ஐந்து பேர் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறோம். காலை ஆறரைக்கு, பயிற்சி முடித்தவர் ஒரு போட்டோ போடவேண்டும், அவ்வளவுதான் விதி. தென்னை மரத்திலிருந்து விழுந்த அண்ணன் ஒருவர், பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, இரண்டு முனையையும் நெஞ்சுப் பக்கமாக இழுப்பதை வீடியோ எடுத்துப் போட்டார். அதைப் பார்த்துத்தான் நானும் ஆரம்பித்தேன். நாள் முழுக்க சக்கரத்தை முன்னால் தள்ளித் தள்ளி நெஞ்சுத் தசை இறுகிவிடும், இந்த இழுப்பு முதுகுப் பக்கத்துக்கு வலு கொடுக்கும். ஒருநாள் போட்டோ வராவிட்டால் ஏழு மணிக்குள் அவரே போன் செய்துவிடுவார். "என்னப்பா, யூரின் இன்ஃபெக்ஷனா?" என்றுதான் முதலில் கேட்பார். எந்த ஆப்பும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் வீடியோ கால். போனைச் சொம்பில் சாய்த்துவைத்து டியூப் இழுப்பதைப் பிசியோவுக்குக் காட்டினேன். தோளைக் காது வரை தூக்கிக்கொண்டு இழுக்கிறேன் என்று பார்த்த உடனே பிடித்துவிட்டார். அதைத் திருத்தியபிறகுதான் என் வலது தோள் வலி குறைந்தது.

எவ்வளவு செய்யவேண்டும் என்று தம்பி மலைத்துப்போயிருக்கலாம். முதுகுத்தண்டுக் காயம் உள்ளவர்களுக்கென்றே 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், உடல் தகுதிக்குக் குறைந்தபட்சமாகக் கேட்பது இதுதான்: வாரத்தில் இரண்டு நாள், கொஞ்சம் மூச்சு வாங்கும்படி 20 நிமிடம். அதோடு வேலை செய்கிற தசைகளுக்கு வலுப்பயிற்சி மூன்று செட், அதுவும் வாரம் இரண்டு முறை. சர்க்கரை, இதயம் இவற்றை மனதில் வைத்தால் வாரம் மூன்று நாள் 30 நிமிடம். தினமும் ஒரு மணி நேரம் என்று யாராவது சொல்லிப் பயமுறுத்தியிருந்தால் இதைக் காட்டுங்கள்.

காயம் டி6 அல்லது அதற்கு மேலே என்றால் மட்டும் கவனம். இதயத்துடிப்பு மற்றவர்களைப் போல ஏறாது. வாட்ச் சொல்லும் இலக்கைத் துரத்தாமல், பேச முடிகிறது, பாட முடியவில்லை என்கிற அளவில் நிறுத்திக்கொள்ளட்டும். திடீரென்று தலை விண்விண்ணென்று வலித்து முகம் சிவந்து வியர்த்தால் பயிற்சியை நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, சிறுநீர் போகும் கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது என்பதால் சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது நல்லது.

அலாரம் நேரத்தை நீங்கள் வைக்காதீர்கள், அவனே வைக்கட்டும். காயம் எந்த மட்டத்தில், கையால் இறுக்கிப் பிடிக்க முடிகிறதா என்று கமெண்டில் எழுதுங்கள். பிடி இல்லாதவர்கள் டியூபை மணிக்கட்டில் மாட்டி இழுக்க ஒரு வழி இருக்கிறது, அண்ணனிடம் கேட்டு வீடியோ வாங்கிப் போடுகிறேன்.