அரைப்பேர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இப்போது கொழும்பு, புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். படம் வரைவேன். அதையெல்லாம் இன்ஸ்டாவில் போட ஒரு பேர் தேடுகிறேன். என் பேரோடு தோட்டத்துப் பேரையும் சேர்க்க ஆசை. கூட நிற்கிறவர்கள், "தோட்டக்காட்டான் என்று நீயே நெத்தியில ஒட்டிக்கிறியா?" என்று சிரிக்கிறார்கள். எண்கணிதப்படி எட்டு எழுத்தும் எனக்கு ஆகாதாம். அம்மா சும்மா கொழுந்துதான் எடுக்கிறா, இதெல்லாம் கேட்டால் தெரியாது. உங்கள் மெயில் விலாசத்தில் 'அரைப்பேரு' என்று எப்படி வந்தது? முழுப் பேரைச் சொல்ல விருப்பமில்லையா?

ஒரு வாசகன்

தம்பி,

பேரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டுக் கீழே 'ஒரு வாசகன்' என்று போட்டிருக்கிறீர்கள். நல்லா இருக்கு.

எண்கணிதத்தை விடுங்கள். என் பேரும் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துதான், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். சிரிக்கிறவர்களையும் விடுங்கள். தோட்டத்துப் பேரைச் சேர்ப்பது உங்கள் இஷ்டம். ஆனால் அது நம் ஆட்கள் வைத்த பேர் இல்லை என்பது ஞாபகம் இருக்கட்டும். பூண்டுலோயாவில் டன்சினன் தோட்டம் இருக்கிறதே, அது ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு குன்றின் பேர். எவனோ ஒரு துரை ஊர் ஞாபகத்தில் நம் மலைக்கு அதைச் சூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

எனக்கு வலித்த இடம் வேறு. "சும்மா கொழுந்துதான் எடுக்கிறா." அந்தச் 'சும்மா'வை எந்த வாயால் சொன்னீர்கள்? லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை, அரைப்பேர் என்றால் என்ன என்று என்னிடம் கேட்கிறீர்கள். அம்மாவிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

சென்னையிலிருந்து எழுதுகிறவர்கள் கேட்டால் எனக்குக் கோபம் வராது. ஒருவர் ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு, "பாதி பெரு நாட்டுக்காரரா நீங்கள்?" என்றே கேட்டார். அவர்களுக்குப் பேர் என்றால் பேர்தான். நமக்கு அது ஒரு நாள் கூலி. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், சொன்ன கிலோவை எடுத்துக் கொடுத்தால் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் ஒரு பேர். கிலோ குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தன பேரு?" என்று லயத்தில் ஒருத்தி கேட்டால், ஆட்களையா எண்ணுகிறாள்? உழைத்த நாளை எண்ணுகிறாள். உழைப்புக்குப் 'பேர்' என்று பேர் வைத்த சனம் நாம். நான் பார்த்த எந்த அகராதியிலும் இந்தப் பொருள் இல்லை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டு நேரே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய்விட்டேன். எங்கள் தோட்டத்தில் அப்போது ஒரு பேருக்கு 16 கிலோ. அம்மாவின் கொழுந்து தராசில் 18 காட்டியது. நான் பார்த்தேன், முள் 18-இல்தான் நின்றது. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று மூன்று கிலோவைக் கழித்துவிட்டு, கணக்குப்பிள்ளை தலையை நிமிர்த்தாமலே அரைப்பேர் போட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லயத்துக்கு வந்து கூடையைக் கவிழ்த்துத் தட்டினபோது, அடியில் ஒட்டியிருந்த கொழுந்து ஒரு கைப்பிடி விழுந்தது. கறையேறி வெடித்த விரல்களால் அதைப் பொறுக்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தா. ஒரு கிலோவெல்லாம் வராது அது. ஆனாலும் பார்த்தா.

2007-இல் ஹட்டனில் ஒரு நெட் கஃபேயில் உட்கார்ந்து ஜிமெயில் திறந்தேன். அழைப்பில்லாமல் யாரும் சேரலாம் என்று திறந்துவிட்ட வருடம் அது. என் பேரை அடித்தேன், யாரோ எடுத்துவிட்டார்களாம். அப்பாவின் முதலெழுத்தைச் சேர்த்தேன், அதுவும் போயிருந்தது. நடுவில் புள்ளி வைத்துப் பார்த்தேன். ஜிமெயிலுக்குப் புள்ளி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அப்போது தெரியாது. புள்ளி வைத்தால் எழுத்தே மாறுகிற தமிழைப் படித்தவளுக்கு அது எப்படித் தோன்றும்? கடைசியில் என் பேருக்குப் பின்னால் மூன்று இலக்கத்தை ஒட்டி, இது வேண்டுமா என்று அதுவே கேட்டது. செக்ரோலில் அம்மாவுக்கும் ஒரு நம்பர் இருந்தது. வேண்டாம் என்று அழித்துவிட்டு 'அரைப்பேரு' என்று அடித்தேன். அதை யாரும் எடுத்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தா.

"ஏன் புள்ள, அங்கயும் முழுப்பேரு குடுக்க மாட்டேன்னுட்டானா?"

நீங்கள் என்ன பேர் வைக்கலாம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தம்பி. தீபாவளிக்கு வீட்டுக்குப் போவீர்கள்தானே? அம்மாவுக்கு இப்போது எத்தனை கிலோ கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். படங்களையும் அனுப்புங்கள்.

இன்னொன்று. கடிதத்தின் அடியில் பாஸ்வேர்டையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நான் அழித்துவிட்டேன். இன்றைக்கே மாற்றுங்கள்.