அக்டோபரில் தூங்கும் மானம்

அன்புள்ள அண்ணா,

என் மகனுக்கு 12 வயது. இங்கே சிறுவர் லீக்கில் பேஸ்பால் விளையாடுகிறான். போன மாதம் ஒரு ஹோம் ரன் (பந்து வேலிக்கு வெளியே போகிற அடி) அடித்துவிட்டு மட்டையைத் தூக்கி எறிந்தான். பயிற்சியாளர் அடுத்த ஆட்டம் முழுக்க அவனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். விதிப்புத்தகத்தில் அப்படி இருக்கிறதா என்று அவன் முன்னாலேயே கேட்டேன். "எழுதியிருக்காது, எல்லோருக்கும் தெரியும்" என்றார். கிரிக்கெட்டில், பந்து போடுமுன்பே கிரீஸை விட்டு நகர்ந்த பட்லரை அஸ்வின் ரன் அவுட் ஆக்கியபோதும் இதே பேச்சுத்தானே? அணிக் கலாசாரம் என்றால் பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதா? பெரிய லீக்கில் கோப்பைக்கான பிளேஆஃப் நேரம் வேறு, பையன் டிவியில் எல்லாரும் மட்டை எறிவதைப் பார்க்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?

ச., ஸ்கார்பரோ

அன்புள்ள ச.,

அஸ்வினை விட்டுவிடுங்கள். அது சட்டத்தில் அச்சடித்து வைத்திருக்கிற அவுட். முகம் சுளித்தவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். அணிக் கலாசாரத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், அந்தப் பேச்சு எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

மட்டை எறிவதற்கு வருகிறேன். ஹோம் ரன் அடித்துவிட்டு மட்டையை வீசினால் பிட்சருக்கு (பந்து எறிபவருக்கு) அவமானம், பதிலுக்கு அந்த அணி பந்தை உடம்பில் எறியும், இதுதான் அந்த எழுதாத விதி. டொராண்டோவில் குடியிருக்கிற ஒருவனுக்கு இந்த மாதத்தில் வேறு நினைவு வருமா? 2015 அக்டோபர் 14. நம் ஊர் ப்ளூ ஜேஸுக்கும் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கும் பிளேஆஃப் தொடரின் ஐந்தாவது, முடிவு தெரிகிற ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸில் ஆளுக்கு 2 ஓட்டம். நம் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்) ரஸ்ஸல் மார்ட்டின் பந்தைப் பிட்சருக்குத் திருப்பி எறிகிறார், அது மட்டையாளரின் மட்டையில் பட்டு உருண்டு போகிறது. மூன்றாவது பேஸில் நின்ற ரேஞ்சர்ஸின் ரூக்நெட் ஓடோர் ஒரே ஓட்டமாக வீடு (ஓட்டம் சேர்கிற ஹோம் பேஸ்) வந்து சேர்ந்துவிட்டார். நடுவர் முதலில் செல்லாது என்றார், பிறகு கூடிப் பேசி, எழுதிய விதிப்படி செல்லும் என்றார்கள். அரங்கத்தில் பாட்டில் பறந்தது. அந்த ஓட்டத்துக்காக யாரும் ஓடோரைப் பழிவாங்கவில்லை, இதை நினைவில் வையுங்கள். அதே இன்னிங்ஸின் மறுபாதியில் ரேஞ்சர்ஸ் வரிசையாக மூன்று பிழை விட்டார்கள். நம் ஹொசே பட்டிஸ்டா மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார், பிட்சரை ஒரு பார்வை பார்த்தார், மட்டையை வீசினார். பந்து போட்ட சாம் டைசன் ஆட்டம் முடிந்ததும், பட்டிஸ்டாவைப் பார்த்துத்தான் சின்னப் பிள்ளைகள் கற்கிறார்கள், அவர் இப்படிச் செய்யலாமா என்று குறைப்பட்டார். உங்கள் பயிற்சியாளரின் அதே குரல்.

தண்டனை எப்போது வந்தது? ஏழு மாதம் கழித்து, 2016 மே 15இல். அந்த சீசனில் இரண்டு அணிகளும் மோத வேண்டிய கடைசி நாள், எட்டாவது இன்னிங்ஸ். எறிந்தது டைசன் இல்லை, மேட் புஷ். பெரிய லீக்குக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. 2015இல் அவர் அந்த அணியிலேயே இல்லை! பந்து பட்டிஸ்டாவின் உடம்பில் பட்டது, அவர் இரண்டாவது பேஸில் ஓடோர் மேல் சறுக்கினார், ஓடோர் அவர் தாடையில் ஒரு குத்து விட்டார். உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. அப்போது ரேஞ்சர்ஸுக்கு ஒரே ஒரு ஓட்டம்தான் முன்னிலை. பந்து உடம்பில் பட்டால் மட்டையாளர் இனாமாக முதல் பேஸுக்குப் போகலாம், ஆனாலும் ஒரு ஆளை அப்படி அனுப்பத் துணிந்தார்கள். காரணம், மே மாத ஆட்டம் சீசனின் 162 ஆட்டங்களில் ஒன்று. தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும்.

அதே வருட அக்டோபரில் இதே அணிகள் பிளேஆஃபில் மறுபடி சந்தித்தன. இப்போது கணக்குத் தீர்க்கிற பந்து பறக்கும் என்று ஊரே காத்திருந்தது. பறக்கவில்லை. முதல் ஆட்டத்தில் பட்டிஸ்டா மறுபடியும் ஹோம் ரன் அடித்தார், அப்போதும் பறக்கவில்லை. ஏனென்றால் அக்டோபரில் ஒரு பேஸ் என்பது காசு, கோப்பை வென்றவர்கள் போடுகிற மோதிரம், அடுத்த வருட ஒப்பந்தம். மானம் என்று மே மாதத்தில் சொன்னார்களே, அது உண்மையில் மானமாக இருந்தால் அக்டோபரில் இன்னும் கொதித்திருக்க வேண்டாமா? விலை ஏறியதும் மானம் தூங்கிவிட்டது. (அந்தத் தொடரை முடித்து வைத்ததே ஓடோரின் தவறான எறிதான். மூன்றாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், நம் டொனால்ட்சன் வீடு வந்தார். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன்.)

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். பழையவர்கள் எழும்பாமல் புதியவன் தேநீர் குடிக்கப் போகக்கூடாது. யாரும் சொல்லித் தரவில்லை, போய்விட்டு வந்தால் என் மேசையில் இரட்டிப்பு வேலை இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிந்தபோது யாரும் அதைப் பார்க்கவில்லை, எவன் எப்போது போனாலும் சரி. பெப்ரவரியில் வேலை குறைந்தது, மரியாதை திரும்பி வந்துவிட்டது. முதுகு நோக நின்ற எனக்கு அன்றே விளங்கியது, இந்த விதிகள் ஓய்வு நேரத்து விதிகள்.

அதில் அடி வாங்குவதும் பெரும்பாலும் வேறு ஆள். 2020 ஆகஸ்ட் 17இல் ஏழு ஓட்டம் முன்னிலையில் இருந்த பாட்ரேஸின் டாட்டிஸ் ஜூனியர், 3-0 எண்ணிக்கையில் (மூன்று பந்து வெளியே, ஸ்ட்ரைக் ஒன்றும் இல்லை), எழுதாத விதிப்படி அடிக்காமல் விடவேண்டிய பந்தை கிராண்ட் ஸ்லாம் (நாலு ஓட்ட ஹோம் ரன்) அடித்துவிட்டார். எதிரணி மறுபடி ரேஞ்சர்ஸ்! அடுத்த பந்து, அவருக்கு அடுத்த மட்டையாளர் மச்சாடோவின் முதுகுக்குப் பின்னால் போனது. அவர் என்ன செய்தார்? அடுத்ததாக நின்றார், அவ்வளவுதான். அதற்குச் சரியாக நூறு வருடம் முன்பு அதே தேதியில்தான் மட்டையாளர் ரே சாப்மன் செத்துப்போனார். முதல் நாள் நியூயார்க்கில் பிட்சர் கார்ல் மேஸ் போட்ட பந்து தலையில் பட்டிருந்தது. மேஸ் வேண்டுமென்று எறியவில்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். வேண்டாமல் எறிந்த பந்தே ஆளைக் கொல்லும்போது, மரியாதை கற்பிக்க வேண்டுமென்றே எறிகிறவர்களை என்ன சொல்ல?

இப்போது உங்களிடம் வருகிறேன். தம்பி, உங்கள் பயிற்சியாளர் யார் மீதும் பந்தை எறியச் சொல்லவில்லை, பெஞ்சில் உட்கார வைத்தார். அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். நியூ ஜெர்சியில் மட்டை எறிந்ததற்குத் தடை வாங்கிய இதே வயதுப் பையன் ஒருவனுக்காகக் குடும்பம் நீதிமன்றம் வரை போனது, 2025 ஜூலையில். நீதிபதி விளையாட விடச் சொன்னார். நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் விதிப்புத்தகம் கேட்டது உங்கள் கோபம், அவனுடையது இல்லை. அவன் அதற்குள் மறந்திருப்பான். தனியாகப் போய் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஸ்ட்ரைக் அவுட் எடுத்துக் கத்திக் குதிக்கிற பிட்சர் பையனையும் உட்கார வைப்பீர்களா? ஆம் என்றால் நல்ல மனிதர், பையனை அவரிடமே விடுங்கள்.

மகனிடம், மட்டையை எறிவதானால் கேட்சர் நிற்காத பக்கமாக எறியச் சொல்லுங்கள்.