‘வரலாம்’ என்று ஒரு கிளிக், ‘வருது’ என்று இன்னொரு கிளிக்

கேள்வி: இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஊரில், கிளிநொச்சியில், எட்டு வருடம் ஸ்கூட்டர் ஓடியிருக்கிறேன். போன மாதம் கார் லைசன்ஸுக்கான தியரி டெஸ்ட் எடுத்தேன். கேள்வி பதிலில் 50க்கு 45, வீதியில் அபாயம் வருவதைக் கண்டதும் கிளிக் பண்ணும் வீடியோப் பகுதியில் 75க்கு 38. ஃபெயில் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வீடியோ முடிந்ததும், நான் கிளிக் பண்ணிய விதம் சரியில்லை, அதற்குப் புள்ளி இல்லை என்று திரையில் வந்தது. ‘கண்டதுக்கெல்லாம் கிளிக் பண்ணு, ஏதாவது ஒன்று மாட்டும்’ என்கிறார் இவர். பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகக் கார் கட்டாயம் வேண்டும். இனி எப்படிப் படிப்பது? – வாசகி, ஹரோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கேள்வி பதிலில் 43 எடுத்தால் தேறலாம், நீங்கள் 45 எடுத்திருக்கிறீர்கள். வீடியோப் பகுதிக்கு 44 வேண்டும், அதில் ஆறு புள்ளி குறைந்துவிட்டது. வீதியைப் பார்த்து அபாயத்தைக் கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரியும். எட்டு வருடம் ஸ்கூட்டர் ஓடியவருக்கு அது தெரியாமல் இருக்காது. உங்கள் புள்ளிகளைப் பறித்தது கிளிக் செய்த நேரமாகத்தான் இருக்கும். அதைத் திருத்தலாம்.

முதலில் அந்தப் பகுதிக்கு எப்படிப் புள்ளி போடுகிறார்கள் என்று பாருங்கள். மொத்தம் 14 வீடியோக்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் அளவில் ஓடும். 13 வீடியோக்களில் தலா ஓர் அபாயமும் ஒரு வீடியோவில் இரண்டும் இருக்கும், ஆக 15. எந்த வீடியோவில் இரண்டு என்று சொல்லமாட்டார்கள், ஆகவே ஒன்று வந்து போனதும் கையை எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு அபாயத்துக்கும் ஒரு நேர எல்லை குறித்து வைத்திருக்கிறார்கள். அபாயம் உருவாகத் தொடங்கும் கணத்தில் அது ஆரம்பிக்கிறது. அந்தக் கணத்திலேயே கிளிக் செய்தால் 5, பிந்தப் பிந்த 4, 3, 2, 1, எல்லை முடிந்தபின் 0. அது ஆரம்பிக்கும் முன் செய்த கிளிக்குக்கும் ஒன்றும் கிடையாது. அனுபவமுள்ளவர்கள் வழுக்குவது இங்கேதான். பக்கத்து வீதியில் கார் நிற்பதைக் கண்டதுமே உங்கள் கண் அதைப் பிடித்துவிடும், கையும் கிளிக் செய்துவிடும். கணினிக்கு அது இன்னும் அபாயம் இல்லை. அந்தக் கார் உருளத் தொடங்கும்போதுதான் எல்லை ஆரம்பிக்கிறது. அதற்குள் நீங்கள் ‘இதற்குக் கிளிக் செய்தாயிற்று’ என்று அடுத்ததைத் தேடப் போயிருப்பீர்கள்.

இதற்கு எங்கள் மொழியிலேயே இரண்டு சொற்கள் இருக்கின்றன. நடைபாதை ஓரத்தில் ஒருவர் நடந்து போகிறார்: ‘வரலாம்’. அவர் வீதிப் பக்கம் திரும்பிக் காலை எடுத்து வைக்கிறார்: ‘வருது’. தரிப்பில் பஸ் நிற்கிறது: ‘வரலாம்’. வலப்பக்க சிக்னல் போடுகிறது: ‘வருது’. எது எதற்குள் அடங்கும் என்று சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்த வாகனத்தை ஓட்டுவது நானென்றால் இப்போது வேகத்தையோ திசையையோ மாற்ற வேண்டியிருக்குமா? ஆமென்றால் அது ‘வருது’. ‘வரலாம்’ என்னும்போது ஒரு கிளிக், ‘வருது’ என்றானதும் ஒரு கிளிக், உறுதிக்காக ஒரு விநாடி விட்டு இன்னொன்று. ஒரு அபாயத்துக்கு அதற்குமேல் தேவையில்லை.

உங்கள் கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்த வழி உங்களைத் தோற்கடிக்கும். இடைவிடாமல் கிளிக் செய்தாலும், இரண்டு விநாடிக்கு ஒன்று என்று ஒரே தாளத்தில் கிளிக் செய்தாலும் கணினி அதைக் கண்டுபிடித்து அந்த வீடியோவுக்கு 0 போட்டுவிடும். நீங்கள் திரையில் கண்ட அறிவிப்பு அதுதான். அபாயத்தைச் சரியாகப் பார்த்திருந்தாலும் அந்த 5 புள்ளி திரும்பி வராது. கிளிக் செய்யும்போது திரையின் அடியில் ஒரு சிவப்புக் கொடி தோன்றும். கிளிக் பதிவாகிவிட்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை, சரி பிழை அது சொல்லாது. கேள்விப் பகுதியைப் போல் இங்கே திரும்பிப் போய்த் திருத்தவும் முடியாது.

பயிற்சியை வீட்டில் மட்டும் செய்யாதீர்கள். கணவர் கார் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து ‘வரலாம்’, ‘வருது’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பத்து நிமிடம் போனாலே போதும், இருபது தடவை சொல்ல வேண்டி வரும். பிறகு பயிற்சி வீடியோவை ஓடவிட்டு, முதல் தடவை கிளிக் செய்யாமல் சொல்லிக்கொண்டே பாருங்கள், இரண்டாம் தடவை கிளிக் செய்யுங்கள். பயிற்சியில் 44க்குச் சற்று மேலே வந்தால் பரீட்சைக்குப் போகாதீர்கள். தொடர்ந்து 55க்கு மேல் வரட்டும். பரீட்சைப் பதற்றத்தில் சில புள்ளிகள் குறையத்தான் செய்யும்.

இனிக் கேள்விப் பகுதி. 45 எடுத்தவர் என்று அதை விட்டுவிடாதீர்கள். ஒரு பகுதியில் தவறினாலும் இரண்டையும் மறுபடி எழுத வேண்டும், போன தடவைக் கேள்விகளே வரப்போவதுமில்லை.

இலங்கையைப் போல இங்கேயும் இடப்பக்கம்தான் ஓடுகிறோம். அதனால் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும், பிழை விடுவதும் அங்கேதான். ஊரில் முன்விளக்கை அடித்தால் ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். இங்கே ஹைவே கோட் என்ற வீதி விதி நூலின்படி ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பது மட்டுமே பொருள். எதிரில் வருபவர் விளக்கடித்தால் ‘போகச் சொல்கிறார்’ என்று எடுக்கக்கூடாது. ஹோர்னும் அப்படித்தான்: வாகனம் நிற்கும்போது அடிக்கக்கூடாது, குடியிருப்புப் பகுதியில் ஓடும்போது இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை அடிக்கக்கூடாது. 2022 ஜனவரியில் வந்த மாற்றங்களைத் தனியாகப் படியுங்கள். சந்தியில் நீங்கள் திரும்பப்போகும் வீதியைக் கடக்கக் காத்து நிற்கும் பாதசாரிக்கும் வழிவிட வேண்டும். மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீற்றர் இடைவெளி வேண்டும். பழைய புத்தகத்தை யாராவது இரவல் தந்தால் இவை அதில் இருக்காது.

வாகனம் நிற்கும் தூரங்களைப் பலர் கண்மூடி மனப்பாடம் செய்கிறார்கள். கணக்கைப் புரிந்துகொண்டால் மறக்காது. மூளை யோசித்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் கார் ஓடும் தூரம், ஒவ்வொரு 10 மைல் வேகத்துக்கும் 3 மீற்றர். 20 மைலில் 6, 30இல் 9, 70இல் 21. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும்: 20 மைலில் 6 மீற்றர், 40இல் 24. இரண்டையும் கூட்டினால் 20இல் 12, 30இல் 23, 40இல் 36, 50இல் 53, 60இல் 73, 70இல் 96. ஈர வீதியில் முன்னால் போகும் வாகனத்துக்கு இரண்டு மடங்கு இடைவெளி, பனி உறைந்தால் பத்து மடங்குவரை. கேள்வியில் எதைக் கேட்கிறார்கள் என்று நின்று வாசியுங்கள். பிரேக் தூரத்தைக் கேட்டிருக்க மொத்தத் தூரத்தைத் தெரிவுசெய்வது மிகச் சாதாரணமான பிழை. ‘முதலில் என்ன செய்வீர்கள்’ என்ற கேள்வியும் அப்படியே: நான்கு விடைகளில் இரண்டு மூன்று செய்யக்கூடியவையாகவே இருக்கும், முதலில் எது என்பதுதான் கேள்வி.

வீதிக் குறியீடுகளுக்கு அதிக நேரம் வேண்டாம். வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீள்சதுரம் தகவல். சிவப்பு விளிம்பு வட்டம் பெரும்பாலும் ‘செய்யாதே’, நீல வட்டம் ‘செய்’. மோட்டர்வேயில் பதித்த ஒளிக்கற்களின் நிறங்களை மட்டும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள்: இட ஓரம் சிவப்பு, தடங்களுக்கு இடையில் வெள்ளை, நடுத்தடுப்பு ஓரம் மஞ்சள், ஏறி இறங்கும் கிளைவழி ஓரம் பச்சை. முதலுதவியில் நெஞ்சை அழுத்தும் அளவு 5 முதல் 6 சென்ரிமீற்றர், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை.

50 கேள்விகளுக்கு 57 நிமிடம் போதும். மூன்று கேள்விகள் ஒரு சிறு வீடியோவைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை, அதை எத்தனை தடவையும் ஓடவிடலாம். சந்தேகமானவற்றைக் குறித்துவைத்துக் கடைசியில் வாருங்கள்.

தமிழில் குரல்வழிக் கேள்வி கேட்கும் வசதி முன்பு இருந்தது. 2014 ஏப்ரலுடன் அதை நிறுத்திவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரும் கிடையாது. உங்கள் கணவர் அந்தக் காலத்தில் எழுதியிருந்தால் அவருடைய அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது. ஆங்கில வாசிப்பில் சிரமம் இருந்தால், ஹெட்ஃபோனில் ஆங்கிலத்தில் கேட்கும் வசதியை முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

அரசாங்க இணையத்தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள், கட்டணம் 23 பவுண்ட்ஸ். தேடலில் மேலே வரும் சில தனியார் தளங்கள் அதே வேலைக்குக் கூடுதலாக வாங்குகின்றன. தோற்றபின் மூன்று வேலைநாள் கழித்து மறுபடி எழுதலாம், ஆனாலும் மூன்று நான்கு கிழமை பயிற்சி எடுத்துக்கொண்டு நாள் குறியுங்கள். புரொவிஷனல் (பழகுபவருக்கான லைசன்ஸ்) அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாமல் போனால் எழுத விடமாட்டார்கள், பணமும் போய்விடும். தேறிய சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். அதற்குள் கார் ஓட்டும் பரீட்சையில் தேறாவிட்டால் தியரியை மறுபடி எழுத வேண்டும். அந்தப் பரீட்சைக்கு இடம் கிடைக்கப் பல மாதங்களாகலாம் என்பதால், சான்றிதழ் எண் கையில் வந்த அன்றே அதற்கும் பதிந்துவிடுங்கள்.