விளம்பரம் போடாமல் குழந்தைகள் செயலி நடத்த முடியுமா?

இரண்டே பேர் கொண்ட சின்ன ஸ்டுடியோ, விளம்பரம் இல்லாத கல்விச் செயலிகளை மட்டும் செய்து நிலைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் மெதுவாகத்தான்.

இதில் பயன்படுத்துபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். நான்கு வயதுக் குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வழிகாட்டுதல் எல்லாம் குரலாகவும் படமாகவும் இருக்க வேண்டும். உள்ளங்கை தவறித் திரையில் பட்டாலும் ஆட்டம் குலையக்கூடாது. இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. செயலியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பாருங்கள். சொல்லிக்கொடுக்காமல் இருப்பதுதான் நமக்குக் கஷ்டம்!

பெற்றோர் பக்கம் வேறு கதை. ஆப்பிளின் செயலிக் கடையான ஆப் ஸ்டோரில், குழந்தைகள் பிரிவில், வாங்கும் பக்கத்துக்கும் வெளி இணைப்புகளுக்கும் முன்னால் பெரியவர்கள் மட்டும் தாண்டக்கூடிய ஒரு தடுப்பு கட்டாயம். 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைச் சேகரிக்க, 1998இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. எதையுமே சேகரிக்காமல் விட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

வருமானத்துக்கு, முதல் சில பாடங்கள் இலவசம், மீதிக்கு ஒருமுறைக் கட்டணம் என்பதே என் தேர்வு. சந்தா என்றால் புதுப் பாடம் வந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு பேரால் அது முடியாது. அப்புறம், ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருந்தால், விண்ணப்பித்து ஆப்பிளின் கமிஷனை 15 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.