பழைய அமெரிக்க மசில் கார்கள் (பெரிய எஞ்சின் பூட்டிய, வேகத்துக்குப் பெயர்போன கார்கள்) இன்றைய கார்களைவிட உண்மையிலேயே வேகமானவையா?

இல்லை. 1970 செவர்லே செவெல் எஸ்எஸ் 454-இன் உச்ச எஞ்சினுக்கு 450 குதிரைத்திறன் என்றார்கள். அந்தக் காலத்துக் கணக்கே வேறு: எஞ்சினைத் தனியாக வைத்து, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதையும் மாட்டாமல் அளப்பார்கள். 1972-இல் எல்லாவற்றையும் மாட்டி அளக்கத் தொடங்கியதும் எண்கள் சரிந்தன. 2015 டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டின் 707 குதிரைத்திறன் இந்தக் கறாரான கணக்கில் வந்தது. பிரேக், டயர் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிறகு ஏன் இந்த ஏக்கம்? குளிர்ந்து கிடக்கும் பழைய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் வண்டியில் ஆக்சிலரேட்டரை ஓரிரு முறை மிதித்துச் சாவியைத் திருப்பினால், அது இருமும், பெட்ரோல் வாடை வீசும், வண்டியே பக்கவாட்டில் குலுங்கும். 2015 ஃபோர்டு மஸ்டாங்கின் நாலு சிலிண்டர் மாடலிலோ எஞ்சின் உறுமலை ஸ்பீக்கர் வழியாகப் பெருக்கிக் காட்டினார்கள். வேகமான வண்டிதான், மறுக்கவில்லை. அந்த ஸ்பீக்கர்தான் எனக்கு உறுத்துகிறது.